காணாமற்போன மூன்றாவது படம்
(வழுக்கை விளம்பரங்கள் பற்றி ஒரு திறனாய்வு)

நூல்களையும் நாடகங்களையும் திறனாய்வது போலவே விளம்பரங்களையும் திறனாயலாம். அவையும் நம்மிடம் ஒன்றைச் சொல்லி, அதை நம்பவைக்க முயல்பவைதாம். இங்கு நாம் எடுத்துக்கொள்வது நீங்கள் பலமுறை பார்த்துப் பழகிய ஒரு விளம்பரம். இரண்டு புகைப்படங்கள் அருகருகே இருக்கும். முதற்படத்தில் ஓர் இளைஞரின் நெற்றி இருபுறமும் மேலேறி, தலைத்தோல் பளபளக்கும். மற்றப் படத்தில் அதே தலையில் கருகருவென்று முடி. ஒன்றின் கீழ் ‘முன்’ என்றும் மற்றதன் கீழ் ‘பின்’ என்றும் எழுதியிருக்கும். அடியில் ஒரு தைலப் புட்டி.

மருத்துவர் பேசவேண்டிய பொருளில் இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இவ்விளம்பரம் சான்றாகக் காட்டுவது புகைப்படத்தை. புகைப்படம் ஒளியின் வேலை. மேலும், ‘இதைத் தடவினேன், அது நடந்தது’ என்பது ஒரு சோதனையின் முடிவு. ஆய்வுக்கூடத்தில் மாணவர் கொண்டுவரும் செய்முறைக் குறிப்பேட்டைத் திருத்துவது போல இதையும் திருத்திப் பார்ப்போமே!

ஒளி செய்யும் மாயம்

கறுப்பு முடி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை உட்கவர்ந்து கொள்கிறது. தலைத்தோல் அதைவிடக் கூடுதலான ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. விளக்கு தலைக்கு நேர் மேலே இருந்தால், ஒளி முடிகளுக்கிடையே நுழைந்து தோலில் பட்டுத் திரும்புகிறது. தலை வெளுத்துத் தெரிகிறது. அதே ஒளி பக்கவாட்டில் சாய்ந்து வந்தால், தோலை அடையுமுன்பே முடிகள் அதை மறித்துவிடுகின்றன. தலை அடர்த்தியாகத் தெரிகிறது.

அடுத்து, ஈரம். நனைந்த முடிகளை நீரின் பரப்பு இழுவிசை ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றைகளாக்குகிறது. கற்றைகளுக்கிடையே தோல் வெளிப்படுகிறது. எண்ணெய் தடவிய தலையிலும் இதே கதைதான். உலர்த்திச் சீவினால் அதே எண்ணிக்கையுள்ள முடிகள் பரந்து தோலை மூடிவிடும்.

மூன்றாவது, தொலைவு. காமிராவை நெற்றிக்கு 30 செ.மீ. தொலைவில், சற்று மேலே பிடித்ததாகக் கொள்வோம். முகவாய் அதிலிருந்து 45 செ.மீ. தொலைவில் இருக்கும். படத்தில் உருவின் அளவு தொலைவுக்கு எதிர்விகிதத்தில் அமைவதால், முகவாயோடு ஒப்பிடும்போது நெற்றி ஒன்றரை மடங்கு பெரிதாகிவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், இதே 15 செ.மீ. வேறுபாடு ஏழு அல்லது எட்டு விழுக்காடு மாற்றத்தையே தரும். கைப்பேசியில் தம்மைத் தாமே படமெடுத்துப் பார்த்து, ‘நெற்றி இவ்வளவு ஏறிவிட்டதா?’ என்று கலங்கும் இளைஞர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

ஆகவே, தைலம் ஒரு சொட்டும் இல்லாமல், ஒரே தலையை வைத்துக்கொண்டு, அரைமணி நேரத்தில் ‘முன்’, ‘பின்’ படங்கள் இரண்டையும் எடுத்துவிடலாம். நண்பர் ஒருவரை அமரவைத்து நீங்களே செய்து பாருங்கள். எல்லா விளம்பரப் படங்களும் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன என்று நான் கூறவில்லை. இப்படியும் எடுக்க முடியும் என்றிருக்கும்போது அப்படம் சான்றாகாது என்பதே என் வாதம்.

நாட்கணக்கு

படத்தை விட்டு எழுத்துக்கு வருவோம். ‘பதினைந்தே நாட்களில் புது முடி’ என்பது இவ்விளம்பரங்களில் அடிக்கடி காணும் வாக்கியம். தலைமுடி நாளொன்றுக்குச் சுமார் 0.35 மில்லிமீட்டர் வளர்கிறது. பதினைந்து நாட்களுக்குப் பெருக்கினால் 5 மி.மீ.யைச் சற்றே தாண்டும். ஓர் அரிசி மணியின் நீளம்! வெறுந்தோலில் இன்றே முளைத்த முடி, ‘பின்’ படத்தில் காண்பது போல 5 செ.மீ. நீளம் அடைய ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகும். விளம்பரத்தின் எழுத்தும் படமும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. ஒரு சிறு பெருக்கல் கணக்கே இதைக் காட்டிவிடுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. தலையில் சுமார் ஓர் இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் சில ஆண்டுகள் வளர்ந்து, பிறகு ஏறத்தாழ நூறு நாள் ஓய்வெடுத்து, உதிர்கிறது. எந்த வேளையிலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது பத்தாயிரம் முடிகள், ஓய்வில் இருப்பதாகக் கொள்ளலாம். பத்தாயிரத்தை நூறு நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு நூறு. சீப்பிலும் தலையணையிலும் நீங்கள் காணும் முடிகளில் பெரும்பாலானவை இந்த நியாயமான கணக்கில் அடங்கியவையே. இவற்றைக் காட்டி அச்சுறுத்தும் விளம்பரம் நலமுள்ள தலைக்கும் மருந்து விற்கிறது.

டெங்கு, டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பிறகு இந்தக் கணக்கு மாறும். ஏராளமான முடிகள் ஒரே வேளையில் ஓய்வுப் பருவத்துக்குச் சென்று, இரண்டு மூன்று மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிரும். பார்ப்பவர் பதறிப்போய் ஒரு தைலத்தை வாங்குவார். சில மாதங்களில் முடி தானாகவே திரும்பிவிடும். புகழ் முழுவதும் தைலத்தைச் சேரும்! அத்தைலத்தைப் பற்றி அவர் பத்துப் பேரிடம் கூறுவார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இராது. நாட்டில் எத்தனையோ தைலங்களின் பெருமை இப்படிப் பிறந்ததுதான்.

நெற்றி ஏறுவது வேறு

நாம் முதலிற் கண்ட படத்தில் உள்ளது மேற்கூறிய உதிர்தல் அன்று. ஆண்களுக்கு நெற்றி ஏறுவது மயிர்க்கால்கள் மெல்லச் சிறுத்துப்போவதால். ஒவ்வொரு சுற்றிலும் முடியின் வளர்பருவம் குறுகுகிறது, முடி மெலிகிறது, இறுதியில் கண்ணுக்குத் தெரியாத பூனைமயிர் மட்டுமே எஞ்சுகிறது. 1942-இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹாமில்டன், பருவமடையுமுன் விரை நீக்கப்பட்டவர்களுக்கு இவ்வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைக் கொடுத்தால், குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு அது தொடங்குகிறது என்பதையும் காட்டினார். ஆக, இரண்டு காரணங்கள்: பரம்பரை, ஹார்மோன். விடுதியின் உப்புத் தண்ணீரும் தலைக்கவசமும் இந்தப் பட்டியலில் இல்லை.

எண்ணெய் வீண் என்று பொருளா? இல்லை. தேங்காயெண்ணெய் முடித்தண்டிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்று மும்பை ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. முடி முறியாமலிருக்க அது உதவும். ஆனால் தண்டைக் காப்பது வேறு. தோலுக்கடியில் சிறுத்துவரும் மயிர்க்காலைப் பெருக்குவது வேறு. சில விளம்பரங்களில் ‘முடி உதிர்வைக் குறைக்கும்’ என்ற பெரிய எழுத்துக்கு மேல் ஒரு நட்சத்திரக் குறியும், மூலையில் பொடி எழுத்தில் ‘முறிவதால் ஏற்படும் உதிர்வு’ என்ற விளக்கமும் இருப்பதைக் கவனியுங்கள். உண்மை பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது!

அறிவது எப்படி?

பதினேழு வயதுக்குமேல், இருபதுகளின் இறுதிவரையில், பல ஆண்களுக்கு முன்முடிக் கோடு சற்றே மேலேறும். சிறுவனின் நெற்றி ஆடவனின் நெற்றியாகிறது, அவ்வளவே. புருவத்தை உயர்த்தினால் நெற்றியில் விழும் மேற்கடைசிச் சுருக்கத்துக்கு ஒரு விரற்கடை மேலே கோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. இரு ஓரங்களும் ஆழமாக உள்வாங்குவது, அங்குள்ள முடிகள் மற்றவற்றைவிட மெலிவது, உச்சியில் தோல் தெரிவது ஆகியவையே அடையாளங்கள்.

மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல் ஹாமில்டன் 1951-இல் வகுத்து, நார்வுட் 1975-இல் திருத்தியது. அதில் ஏழு நிலைகள். மூன்றாம் நிலையிலிருந்துதான் வழுக்கை என்ற பெயர். இதையும் திறனாய வேண்டும். ஏழு கோட்டுப் படங்களை வரிசையாகப் பார்ப்பவர், அவற்றை இரயில் நிலையங்களாக எண்ணி, வண்டியில் ஏறியவர் எல்லாரும் கடைசி நிலையம்வரை போகவேண்டும் என்று நினைத்துவிடுகிறார். அப்படியன்று. பலர் இரண்டிலோ மூன்றிலோ ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள்.

ஆகவே கண்ணாடியை நம்பாமல் அளந்து பாருங்கள். இரு புருவங்களின் நடுப்புள்ளியிலிருந்து முடிக்கோடு வரையிலும், இரு ஓரங்களிலும் நூல் பிடித்து அளந்து தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே இடம், அதே விளக்கு, அதே தொலைவு, உலர்ந்த தலை என்ற நிபந்தனைகளோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். ஓராண்டில் உண்மை தெரிந்துவிடும். வட்டவட்டமாக முடி கொட்டினாலும், தலைத்தோல் சிவந்து புண்ணானாலும், திடீரென்று உதிர்ந்தாலும் அளந்துகொண்டிராமல் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

நல்ல ‘முன் – பின்’ எப்படி இருக்கும்?

குறை கூறினால் போதாது. சரியான எடுத்துக்காட்டும் வேண்டும். ஃபினாஸ்டிரைடு என்ற மாத்திரையைப் பற்றி 1998-இல் வெளியான சோதனையைப் பாருங்கள். 18 முதல் 41 வயதுவரையுள்ள 1553 ஆண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு மருந்து. மற்றப் பிரிவினருக்கு அதே தோற்றமுள்ள, மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. உச்சந்தலையில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தைப் படமெடுத்து முடிகளை எண்ணினார்கள். ஒவ்வொரு முறையும் அதே வட்டமாக இருக்க, நடுவில் சிறு புள்ளியொன்றைப் பச்சை குத்தினார்கள். தொடக்கத்தில் சராசரி 876 முடிகள். ஓராண்டில் மருந்துப் பிரிவில் 86 கூடியது. போலிப் பிரிவில் 21 குறைந்தது.

இந்த 21-தான் நம் விளம்பரத்தில் காணாமற்போன மூன்றாவது படம். ஒன்றுமே செய்யாத தலைக்கு அதே காலத்தில் என்ன நேர்ந்திருக்கும் என்பதைக் காட்டும் படம் அது. அது இல்லாமல் முதலிரண்டு படங்களுக்குப் பொருளே இல்லை. காய்ச்சலால் உதிர்ந்த தலையானால், ஒன்றும் செய்யாமலே முடி வளர்ந்திருக்கும், தைலம் வீண். பரம்பரை வழுக்கையானால், முடி மேலும் குறைந்திருக்கும். பயனற்ற தைலத்தோடு காத்திருந்த ஒவ்வோர் ஆண்டும் இழப்பு.

இந்த மருந்தையும் போற்றிப் பாடவேண்டாம். மேற்கண்ட எண்கள் உச்சந்தலைக்கு உரியவை. நெற்றியின் ஓரங்கள் ஏறுவதில் இதன் பயன் நிலைநாட்டப்படவில்லை என்று மருந்தின் அமெரிக்க விவரக்குறிப்பே கூறுகிறது. சிலருக்குப் பாலுணர்வுக் குறைவும் மனச்சோர்வும் ஏற்படுவதுண்டு. மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளக் கூடாது. தலையில் தடவும் மினாக்சிடில், இரத்த அழுத்த மாத்திரையாகத் தொடங்கிய மருந்து. உண்டவர்களுக்கு முடி வளர்ந்ததைக் கண்டு, தடவும் மருந்தாக்கினர். 1988-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. பயன் தெரியச் சில மாதங்கள் ஆகும். நிறுத்தினால் பயன் போய்விடும். இரண்டுமே இருப்பதைக் காப்பதில் வல்லவை. போனதை மீட்பதில் அவ்வளவு அல்ல.

சட்டமும் இதைக் கவனிக்காமல் இல்லை. நம் நாட்டின் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில், எந்த மருந்தும் குணப்படுத்துவதாகக் கூறிக்கொள்ளக் கூடாத நிலைகளின் பட்டியல் ஒன்று உண்டு. ‘ஜே’ அட்டவணை என்று பெயர். வழுக்கையும் புது முடி வளர்தலும் அதில் இடம்பெற்றுள்ளன. ஆனால் ‘குணப்படுத்தும்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘உதவும்’ என்று எழுதிவிட்டு, மீதியைப் படத்திடம் விட்டுவிட்டால் போதும். வாய் சொல்லத் துணியாததைப் படம் சொல்லிவிடுகிறது.

இவ்விளம்பரங்களின் பெருங்குறை இவை எல்லாவற்றுக்கும் மேலானது. ‘முன்’ படத்திலுள்ள இளைஞர் எப்போதும் தலைகுனிந்து, வாடிய முகத்தோடு இருப்பார். ‘பின்’ படத்தில் சிரிப்பார். முடியின் கதையோடு அவமானத்தின் கதையையும் சேர்த்து விற்கிறார்கள். நேர்முகத் தேர்வையும் பெண் பார்க்கும் படலத்தையும் எதிர்நோக்கும் இருபத்திரண்டு வயதினரிடம் இச்சரக்கு எளிதாக விலைபோகிறது. அவர் இழப்பது பணம் மட்டுமன்று, காலமும்தான்.

நண்பர்களே, நெற்றி ஏறுவதை அறிந்தபின் உங்கள்முன் இருப்பவை நேர்மையான இரண்டு வழிகள். காக்க விரும்பினால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் சென்று, பயனும் குறையும் கேட்டறிந்து முடிவு செய்யுங்கள். விரும்பாவிட்டால், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஏறிய நெற்றி ஒரு நோயன்று. எவ்வழியில் சென்றாலும், அடுத்தமுறை அந்த இரண்டு படங்களைக் காணும்போது, ‘மூன்றாவது எங்கே?’ என்று கேளுங்கள். இக்கேள்வி தலைமுடிக்கு மட்டும் உரியதன்று. உயரம் கூட்டும் பொடிக்கும் நினைவாற்றல் பெருக்கும் பானத்துக்கும் பொருந்தும்.