பாஸ் புத்தகமும் அட்டையும்

நீதிமன்றத் தீர்ப்புகளைச் செய்தியாக வாசிப்பதே நம்மிடையே வழக்கம். நூலாக வாசிப்பவர் அரியர். நாவலுக்கும் கவிதைக்கும் நாம் எழுதும் திறனாய்வைத் தீர்ப்புரைக்கும் எழுதலாம் என்ற எண்ணம், புலம்பெயர் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 29 அன்று வழங்கிய 80 பக்கத் தீர்ப்பை வாசித்தபோது எழுந்தது. அது யாரைப் பற்றியதோ அவர்கள் நம் அண்டை வீட்டார். அசாமின் சில்காட் வரை செல்லும் விரைவு ரயில் புறப்படுவது நம் தாம்பரத்திலிருந்துதான். மேடவாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் சிறுசேரியிலும் எழும் அடுக்குமாடிகளில் கம்பி கட்டுவோரும் சென்ட்ரிங் அடிப்போரும் தம்முள் பேசிக்கொள்வது வங்கமும் ஒடியாவும் இந்தியும் என்பதை, அவ்வழியே நடந்து செல்லும் எவரும் அறிவர்.

2020 மே மாதம், ஊரடங்கில் நெடுஞ்சாலைகளில் நடந்து சென்ற மக்களைக் கண்டு நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கு இது. அதில் ஹர்ஷ் மந்தர், அஞ்சலி பரத்வாஜ், ஜக்தீப் சோக்கர் என்னும் குடியுரிமைச் செயல்பாட்டாளர் மூவர் சேர்ந்து இடையீட்டு மனு கொடுத்தனர். உணவுரிமை, தகவல் அறியும் உரிமை, தேர்தல் சீர்திருத்தம் என வெவ்வேறு களங்களில் உழைத்தவர்கள் ஒரே மனுவில் இணைந்தமை குறிப்பிடத்தக்கது. அவர்கள் கேட்டவற்றுள் பலவற்றைத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. உணவுரிமையை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் வைத்துப் பேசுகிறது. பெருந்தொற்று நீடிக்கும்வரை சமூக சமையற்கூடங்களை நடத்தப் பணிக்கிறது. தொழிலாளர் அமைச்சகத்தின் மெத்தனம் மன்னிக்கத்தக்கதன்று என்று ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. இப்பகுதிகளில் தீர்ப்பின் நடை நிமிர்ந்து நிற்கிறது.

ஆயினும் தீர்ப்பின் இறுதியில் வரும் கட்டளைகளை ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். அமைப்புசாராத் தொழிலாளருக்கான கணினித் தரவுத் தளத்தை ஜூலை 31க்குள் தொடங்க வேண்டும், டிசம்பர் 31க்குள் முழுமையாக்க வேண்டும் என்று நாள் குறிக்கிறது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்துக்கும் நாள் உண்டு. தமிழ்நாடு அதில் முன்னமே, 2020 அக்டோபரில், சேர்ந்துவிட்டது. ஆனால் 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டப்படி எல்லா ஒப்பந்தக்காரரையும் உரிமம் பெறச் செய்ய வேண்டும், அவர்கள் தம் ஆட்களின் விவரத்தை அதிகாரியிடம் தர வேண்டும் என்ற கட்டளைக்கு நாள் இல்லை. தவணை குறிக்காத கடனை யார் திருப்பித் தருவார்? அரசுகள் கணினியை நோக்கி விரைந்தன. ஒப்பந்தக்காரர் பக்கம் திரும்பியவை சொற்பமே.

இதன் பொருள் விளங்க, அந்தப் பழைய சட்டத்தைக் கையில் எடுக்க வேண்டும். ஒடிசாவின் ‘தாதன்’ தொழிலாளரைச் சர்தார்கள் வெளிமாநிலங்களுக்கு ஓட்டிச் சென்ற கொடுமையிலிருந்து பிறந்த சட்டம் அது. அதன் 12ஆம் பிரிவு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் நிழற்படம் ஒட்டிய பாஸ் புத்தகம் ஒன்றை ஒப்பந்தக்காரர் தரவேண்டும் என்கிறது. வேலை எங்கே, எவ்வளவு காலம், கூலி எவ்வளவு, எப்படித் தரப்படும், இடப்பெயர்வுப் படி எவ்வளவு, ஊர் திரும்பும் பயணச்செலவு எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று எல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். இந்தி, ஆங்கிலம் மட்டும் போதாது. தொழிலாளியின் மொழி வேறானால் அந்த மொழியிலும் எழுத வேண்டும். சட்ட வாசகத்தில் இத்தனை கனிவு அரிது. அது பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிட்டது என்பது வேறு கதை.

2021 ஆகஸ்ட் 26 அன்று பிறந்த இ-ஷ்ரம் தளம் தருவது 12 இலக்க எண் கொண்ட அட்டை. அதில் தொழிலாளியின் பெயர் உண்டு, தொழில் உண்டு. அவரை வேலைக்கு வைத்தவரின் பெயர் இல்லை. பாஸ் புத்தகம் ஒப்பந்தக்காரரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது. அட்டையோ தொழிலாளியைப் பதிவேட்டில் ஏற்றுவதோடு அமைகிறது. கடமையும் கைமாறிவிட்டது. ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இருந்தால் தானே பதியலாம். இல்லையேல் பொதுச் சேவை மையத்தில் விரல் வைக்க வேண்டும். சிமெண்ட் கலவையில் தேய்ந்த விரலில் ரேகை எங்கே? மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலம், இந்தி, கன்னடம், மராத்தி ஆகிய நான்கிலேயே இயங்கிவந்த அத்தளம் 22 மொழிகளுக்கு விரிந்தது 2025 ஜனவரியில்தான். 1979இல் காகிதத்துக்கு விதித்த நெறியைக் கணினிக்கு விதிக்க மூன்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

தளத்தின் பக்கத்து நியாயத்தை மறைப்பது திறனாய்வாகாது. 2023 ஏப்ரலில் வழக்கு மீண்டும் வந்தபோது, பதிந்திருந்த 28.6 கோடிப் பேரில் 20.63 கோடிப் பேரே ரேஷன் அட்டை விவரத்தில் இருந்தனர். எஞ்சிய ஏறத்தாழ 8 கோடிப் பேருக்கு மூன்று மாதத்துக்குள் அட்டை தரும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. தளம் இல்லாதிருந்தால் இந்த 8 கோடி என்னும் எண்ணே நமக்குக் கிடைத்திராது. மனுதாரர்கள் அந்த எண்ணைக் கையிலேந்தித் தொடர்ந்து வாதாடினர். எனினும், பசித்தவர் என்று எண்ணப்பட்ட பின்னும் 2024 மார்ச்சில் மேலும் இரண்டு மாதத் தவணை தர வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வகுத்த ஒதுக்கீட்டு வரம்பு நிரம்பிவிட்டது என்பதே மாநிலங்களின் முட்டுக்கட்டை.

விவிலியம் அறிந்த நம் வாசகர்க்கு ஓர் ஒப்பீடு தோன்றாமல் இராது. அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்கும்படி லேவியர் நூல் யாரிடம் சொல்கிறது? நிலக்காரரிடம். மோவாபியப் பெண்ணான ரூத்து கதிர் பொறுக்க வந்தபோது அவளிடம் எவரும் எண் கேட்கவில்லை.

2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டதை இப்பகுதியினர் மறந்திருக்க முடியாது. மாண்டோரில் பலர் ஆந்திரத்து வடமாவட்டத்தினர். இடிபாட்டுக்குள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு விடை சொல்வது ஒப்பந்தக்காரரின் பதிவேடு. தொழிலாளியின் சட்டைப்பையில் கிடக்கும் அட்டை அன்று.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டது. ஒப்பந்தக்காரர் வழியன்றித் தாமே வேலை தேடி வந்தவரையும் அது புலம்பெயர் தொழிலாளராக ஏற்பது நன்றே. மாத ஊதியத்தில் பாதி என்றிருந்த இடப்பெயர்வுப் படி அதில் இடம்பெறவில்லை. பழைய பாஸ் புத்தகத்தின் இடத்தை இனி எது நிரப்பும் என்பதே மனுதாரர்களும் அவர்களை ஒத்த இயக்கங்களும் எழுப்ப வேண்டிய அடுத்த வழக்கு. தாம்பரம் வட்டாரத்தில் இ-ஷ்ரம் பதிவுக்கு உதவ மேசை போட்டு அமரும் அன்பர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஒப்பந்தக்காரர் பெயர், பேசிய கூலி, வேலைத்தலம் ஆகிய மூன்றையும் தொழிலாளியின் மொழியிலேயே எழுதி, ஒரு படியை அவர் கையில் கொடுக்கலாம்.