ஆறுக்கு ஆறு

நாய், பூனை மருத்துவம் பற்றிய எம்.வி.எஸ்சி. ஆய்வேடுகளை விரும்பிப் படிக்கிறவன் நான். நம்ம நாட்டு ஆய்வேடுகளில் ஒரு வடிவம் அடிக்கடி கண்ணில் படும். நோயுற்ற நாய்கள் 12. ஆறுக்கு ஒரு மருந்து, மற்ற ஆறுக்கு இன்னொன்று. கடைசியில் முடிவு: குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, ஆகவே இரண்டும் சமமான பலன் தந்தன.

அந்த 'ஆகவே' மேல்தான் எனக்குச் சண்டை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அந்த 12-ல் 8 நாய்கள் எதைக் கொடுத்தாலும் பிழைக்கும், 4 எதைக் கொடுத்தாலும் பிழைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது மருந்துகளுக்குள் வித்தியாசமே கிடையாது. சீட்டுக் குலுக்கி ஆறு ஆறாகப் பிரித்தால், பிழைக்கிறவை 4-4 என்று விழுவது 100 தடவைக்குச் சுமார் 45 தடவைதான். மீதி 55 தடவை 5-3 அல்லது 6-2. ஒன்றுமில்லாதபோதே இப்படி ஆடுகிற தராசு, நிஜமாகவே வித்தியாசம் இருந்தா மட்டும் சரியாகக் காட்டிவிடுமா? 'வேறுபாடு தெரியவில்லை' என்று எழுதலாம். 'சமம்' என்று எழுத முடியாது.

2016-ல் வெளியான எபிக் ஆய்வைப் பாருங்க. இதய வால்வு நோயால் இதயம் பெருத்து, ஆனால் அறிகுறி தொடங்காத 360 நாய்கள். 11 நாடுகளில் 36 மையங்கள். பிமோபெண்டானா, போலி மாத்திரையா என்பது மருத்துவருக்கும் தெரியாது, வளர்ப்பவருக்கும் தெரியாது. இதயம் செயலிழக்கவோ, இதய நோயால் சாகவோ ஆன இடைநிலைக் காலம் மருந்து பெற்றவைக்கு 1228 நாள், மற்றவைக்கு 766 நாள். கிட்டத்தட்ட பதினைந்து மாத வித்தியாசம். ஒரு நாயின் ஆயுளில் அது சின்ன விஷயமில்லை.

'அவங்ககிட்ட பணம் இருக்கு' என்பீர்கள். உண்மைதான், பணம் போட்டது அந்த மருந்தை விற்கும் போரிங்கர் இங்கல்ஹைம். நம்ம ஊரில் சகஜமான உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் பழசு, விலை மலிவு. அதற்கு எந்தக் கம்பெனி 360 நாய்களைத் தேடப்போகிறது? அப்படிப்பட்ட கேள்விகளுக்கு இங்கே மிஞ்சுவது முதுகலை மாணவர்களின் உழைப்புதான். அதைத்தான் பன்னிரண்டு பன்னிரண்டாகச் சிதறவிடுகிறோம்.

ஐந்து கல்லூரிகள் ஒரே நெறிமுறையில், மூன்று ஆண்டு சேர்ந்து இயங்கினால், ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு 12 என்றாலும் 180 நாய்கள். கூடுதல் நாய் ஒன்றுகூட வேண்டாம். பட்டத்துக்குத் தனி ஆய்வு வேண்டுமே என்றால், ஒருவர் ரத்தத் தட்டணுக்களைப் பார்க்கட்டும், இன்னொருவர் நோய் திரும்புவதை, மூன்றாமவர் சிகிச்சைச் செலவை. எத்தனை நாய் தேவை என்று முன்கூட்டியே கணக்கிடுவது, குலுக்கிப் பிரிப்பது, பாதியில் வராமல் போனவற்றை மறைக்காமல் எழுதுவது, இதெல்லாம் அந்தக் கூட்டு வேலையில் கைப்பழக்கமாகவே வந்துவிடும். தனியாக வகுப்பெடுத்துப் புரியவைப்பதைவிட இது உறுதி.

ஆய்வேடு அலமாரியில் தூங்கினால்கூடப் பரவாயில்லை. அதை எழுதியவர் நாளைக்குக் கிளினிக்கில் உட்கார்ந்து, 'ரெண்டும் ஒண்ணுதான், இதையே கொடுங்க' என்று சீட்டு எழுதுவார். நம்பி நாயைக் கூட்டிவந்தவருக்கு, அந்த 'ஒண்ணுதான்' ஆறு நாய்களை வைத்துச் சொன்னது என்று தெரியப்போவதில்லை.