வரத்துக்கு என்ன விலை?

பகடை உருட்டி, பாத்திரமாகவே பேசி ஆடும் மேசை ஆட்டங்களுக்குச் சொந்தமாக மந்திர விதிகள் வகுப்பவர்கள் பெரும்பாலும் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். நெருப்பு மழை, மாயமாய் மறைதல், கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று பட்டியல் நீளும். ஆட்டம் சப்பென்று போகும். மந்திரக்காரன் எதை இழக்கிறான் என்பதை முதலில் தீர்மானித்தால்தான் ஆட்டத்தில் உயிர் வரும்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து ஒரு விதியை எடுத்தது: மனத்தில் ஏற்றிய மந்திரம் சொன்னவுடன் மறந்துபோகும். 1981இல் வந்த கால் ஆஃப் கதுலு சித்தத் தெளிவையே விலையாகக் கேட்டது. 1987இன் ஆர்ஸ் மேஜிக்கா ஐந்து வினைகளையும் பத்துப் பொருள்வகைகளையும் சேர்த்து, ஆடுகிறவரே மந்திரம் புனைய ஓர் இலக்கணம் தந்தது. அழகான இலக்கணம்தான். ஆனாலும் ஆடி முடித்த பிறகு நெஞ்சில் தங்குவது கதுலுவின் இழப்பு.

செஞ்சிப் பக்கம் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவருக்கு இது புதிதல்ல. திரௌபதி அம்மன் வழிபாட்டில் செஞ்சிக்கும் மேலச்சேரிக்கும் உள்ள முதன்மையை ஆல்ஃப் ஹில்டபைடல் 1988இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். அந்தக் கூத்து மரபு முழுக்க விலை பேசுகிற மரபு. இந்திரன் கர்ணனுக்குத் தந்த சக்தி ஆயுதம் ஒருமுறைதான் பாயும். அர்ச்சுனனுக்கென்று அவன் காத்துவைத்ததைக் கடோற்கசன்மேல் விட நேர்கிறது. அவன் பொய் சொல்லிக் கற்ற வித்தையும் வேண்டிய நேரத்தில் மறக்கிறது. அர்ச்சுனன் தபசில் வேடக்காரர் உயரமான தபசு மரத்தில் ஏறினால்தான் பாசுபதம் கிடைக்கும். பாஞ்சாலியின் விரிந்த கூந்தல், சபதம் முடியும்வரை எல்லார் கண்ணிலும் படும் கடன்.

எனக்கு இவற்றில் பெரிது, அர்ச்சுனன் மகன் அரவானைப் போர் வெற்றிக்காகப் பலி தரும் களப்பலி. வெற்றி பாண்டவர் ஐவருக்கும். விலை கொடுப்பவன் ஒருவன். முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய அந்தப் பிள்ளை தன்னைத் தந்துவிட்டு, பதினெட்டு நாள் போரையும் பார்க்க வரம் கேட்கிறான். இதை விதியாக்கிப் பாருங்கள்: குழுவுக்கே பெரிய வரம் ஒன்று உண்டு, ஒருவர் தன் பாத்திரத்தைக் கொடுத்தால்தான் அது கிடைக்கும். கொடுத்தவர் எழுந்து போக வேண்டாம். கடைசிவரை அமர்ந்து, நடப்பதைப் பார்த்துச் சாட்சி சொல்லலாம். யார் கொடுப்பது என்று நால்வர் பேசிக்கொள்ளும் அந்த அரைமணி நேரத்தை எந்தப் பகடையும் தராது.

ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். காப்புக் கட்டித் தீமிதிப்பவர்கள் இன்றும் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். அம்மனுக்கு எண் போட்டு அட்டையில் எழுத வேண்டாம். விதியை எடுத்துக்கொண்டு, கற்பனை நாட்டில் வேறு பெயர் வையுங்கள்.

வரத்துக்கு மட்டுமல்ல, நிமித்தத்துக்கும் செஞ்சிப் பக்கத்திலேயே ஒரு முறை கிடைக்கிறது. செஞ்சியை ஆண்ட தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டவன். போருக்கு விடை கேட்டபோது சிங்கவரத்து ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்வழக்கு. அவன் ஆற்றலை அவர் குறைக்கவில்லை, வழியை மறிக்கவுமில்லை. உங்கள் ஆட்டத்திலும் தெய்வம் அவ்வளவே சொல்லட்டும். குதிரை ஏறுவதா வேண்டாமா என்பதை ஆடுகிறவரிடமே விட்டுவிடுங்கள்.