கட்டிக் கிடக்கும் படகு

படகில் போன கதை என்றால் படகு ஓடணும். ஹார்லன் ஹப்பர்டின் ‘ஷாண்டிபோட்’ புத்தகத்தில் (1953) படகு பெரும்பாலும் கரையில் கட்டியே கிடக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றில், சின்சினாட்டிக்குப் பக்கத்தில் பிரென்ட் என்ற இடத்தில், 1944இல் ஹப்பர்டும் மனைவி அன்னாவும் தங்கள் கையால் படகு கட்ட ஆரம்பிக்கிறார்கள். கயிற்றை அவிழ்ப்பது 1946 டிசம்பரில். மிசிசிப்பி வழியாக நியூ ஆர்லியன்ஸைத் தொடுவது 1950இல். அவசரம் இருக்கிறவர்கள் இந்தப் புத்தகத்தைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஷாண்டிபோட் என்பது சொகுசுப் படகு இல்லை. தட்டையான மிதவைமேல் பலகைக் குடிசை ஒன்றைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கும். இவர்களுடையதில் என்ஜின் கிடையாது. திருப்பிக்கொள்ள நீளத் துடுப்புகள். மற்றபடி ஆறு இழுத்த வழி. ஆனால் எந்த ஆறு? ஒஹையோ முழுக்க 1929க்குள் அணைகளும் படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகளும் கட்டி முடித்துவிட்டார்கள். அன்றைய அணைகளில் பெரும்பாலானவை ஆற்றின் தரையோடு படுக்கவைத்துவிடக்கூடிய மரக்கதவுகளால் ஆனவை. கோடையில் தண்ணீர் குறைந்தால் கதவுகளை நிமிர்த்தித் தேக்குவார்கள். ஆறு குளம் மாதிரி ஆகிவிடும், இழுப்பு இருக்காது. குளிர்காலத்தில் தண்ணீர் ஏறினால் கதவுகளைச் சாய்த்துவிடுவார்கள். படகுகள் அணையின் மேலேயே நழுவிப் போய்விடலாம்.

புத்தகத்தின் வடிவம் இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். என்ஜின் இல்லாதவன் வெள்ளமும் பனிக்கட்டியும் உள்ள காலத்தில்தான் பயணம் போக முடியும். கோடை வந்ததும் எங்காவது ஒதுங்கி, தெரியாத ஒருவருடைய நிலத்தில் கேட்டு வாங்கித் தோட்டம் போடவேண்டும். விளைந்ததைக் கண்ணாடிச் சாடிகளில் அடைத்து வைத்தால்தான் அடுத்த குளிர்காலம். 1947 கோடையில் கெண்டக்கிக் கரையில் பெய்ன் ஹாலோவில் நின்றார்கள். பிறகு ஒவ்வொரு கோடையும் ஒவ்வொரு கரை. ஆக, பாதிப் புத்தகம் விவசாயம். கூடவே தேன்கூடுகள், நாய்கள், நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கட்டி இரவில் ஆற்றில் போட்டுவிட்டுக் காலையில் இழுத்துப் பார்ப்பது. மிஞ்சின மீனைக் கொடுத்து வேறெதையாவது வாங்கிக்கொள்வது.

எல்லோரும் ஹப்பர்டைத் தோரோவோடு சேர்த்துப் பேசுவார்கள். அவரும் தோரோவின் தீவிர வாசகர்தான். ‘வால்டன்’ இருக்கட்டும், தோரோவின் முதல் புத்தகமே அண்ணன் ஜானோடு 1839இல் கன்கார்டு, மெர்ரிமாக் ஆறுகளில் போன படகுப் பயணம். அதை எடுத்துப் பாருங்கள். தோரோவுக்கு ஆறு ஒரு சாக்கு. ரெண்டு பக்கம் துடுப்புப் போடுவார், அப்புறம் நட்பு, கவிதை, மதம் என்று எங்கேயோ போய்விடுவார். ஹப்பர்ட் ஆற்றை விட்டு நகர்வதில்லை. தண்ணீர் ஒரு அடி இறங்கினால் கயிற்றை எப்படித் தளர்த்தவேண்டும், தளர்த்தாமல் தூங்கினால் படகு எப்படிக் கரையில் சாய்ந்து மாட்டிக்கொள்ளும் என்பதுதான் அவருக்கு முக்கியம். அடிப்படையில் ஓவியர், புத்தகப் படங்களும் அவர் வரைந்தவை. ஆனாலும் காட்சி வர்ணனையில் கஞ்சத்தனம். இந்தக் கஞ்சத்தனத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

பிடிக்காத இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷாண்டிபோட்டை அவர் கண்டுபிடிக்கவில்லை. நிலமோ வாடகைக் காசோ இல்லாத குடும்பங்கள் பல தலைமுறைகளாக அந்த ஆறுகளில் அப்படித்தான் குடியிருந்தார்கள். முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சியில் இன்னும் பல பேர் ஆற்றுக்கு வந்தார்கள். ஹப்பர்ட் மீன் பிடிக்கவும் படகு கட்டவும் கற்றது அவர்களிடம்தான். அதை மறைக்கவில்லை, மரியாதையாகத்தான் எழுதுகிறார். ஆனால் அவர்களுக்கு ஆறு கதி, இவருக்கு ஆறு ஆசை. அந்த வித்தியாசத்துக்கு முன்னால் அவருடைய துல்லியம் ஏனோ தயங்கி நின்றுவிடுகிறது. தண்ணீர் மட்டத்தை அங்குல அங்குலமாகப் பார்த்த மனிதர், பக்கத்துப் படகுக்காரன் மாலையில் என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான் என்று பார்க்கவில்லை. நம் ஊரில் தற்சார்பு வாழ்க்கை பேசுகிறவர்கள் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால், முதலில் இந்த இடைவெளியைப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று அன்னா. சின்சினாட்டி பொது நூலகத்தில் நூலகராக இருந்தவர், பியானோ வாசிப்பவர், நாற்பது வயதுக்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்டவர். சாயங்காலமானால் இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள், ஒருவருக்கொருவர் புத்தகம் படித்துக்காட்டுவார்கள். அந்தப் பக்கங்கள் அழகு. ஆனால் ‘நாங்கள்’ என்ற சொல் அவரை முழுங்கிவிடுகிறது. எப்போது பயந்தார், எப்போது சலித்துக்கொண்டார்? அத்தனை சாடிகளையும் நிரப்பினவர் கையிலிருந்து ஒரு அத்தியாயம் வந்திருந்தால் வேறு புத்தகம் கிடைத்திருக்கும்.

பயணம் முடிந்தபின் 1947இல் தோட்டம் போட்ட அதே பெய்ன் ஹாலோவுக்குத் திரும்பி, ஆறு தெரிகிற மாதிரி ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். மின்சாரம் இல்லை. 1986இல் அன்னா இறந்தார், 1988இல் அவர். அந்த வீட்டைப் பற்றி 1974இல் எழுதிய புத்தகத்தைத்தான் பலரும் முதலில் படிக்கிறார்கள். படகை முதலில் படியுங்கள். வீட்டுக்குள்ளும் அவர் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.