தொடாமல் நகர்த்தியவர்கள்

2016-இல் பாங்காக்கில் நடந்த ஏபியு ரோபோகான் போட்டியில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் கோப்பை வென்றார்கள். ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002 முதல் நடத்திவரும் இந்தப் போட்டியில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. பாராட்டுப் பத்திரத்தில் இவ்வளவுதான் எழுத முடியும்.

எனக்குப் பிடித்தது அந்த ஆண்டின் விதி. ஒவ்வொரு அணிக்கும் இரண்டு ரோபோக்கள். சிறியதற்குச் சக்கரத்தைச் சுழற்ற மோட்டார் கிடையாது. திசை திருப்ப மட்டும் ஓர் இயக்கி. பெரிய ரோபோ அதைத் தொடாமலே நகர்த்த வேண்டும். காற்றை ஊதலாம், காந்தத்தைக் காட்டலாம். மேடு ஏற்றி, நதிபோல் வளையும் பாதையில் திருப்பி, சரிவில் இறக்கி, அது சுமந்துவரும் காற்றாலை இறக்கையை வாங்கிக்கொண்டு கம்பத்தில் ஏறிப் பொருத்த வேண்டும். அத்தனையும் மூன்று நிமிடத்துக்குள்!

காற்று கொஞ்சம் கூடினால் சிறியது தடம் விட்டு விலகும். குறைந்தால் மேட்டில் நின்றுவிடும். எடையைக் கிராம் கிராமாகக் குறைத்தவர்களின் பொறுமைதான் அங்கே ஓடுகிறது.

இந்தப் போட்டியில் கோப்பை தவிரச் சிறந்த யோசனை, சிறந்த பொறியியல், சிறந்த வடிவமைப்பு என்றும் விருதுகள் தருகிறார்கள். எவ்வளவு நியாயமான ஏற்பாடு! பல்கலைக்கழகங்களும் பாராட்டு விழாவில் கோப்பைக்குப் பக்கத்தில் அந்த ரோபோவையே வைத்து, செய்தவர்களை விளக்கச் சொல்லலாம். முதலாமாண்டு மாணவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும்.