பிராணவாயுவும் சதவீதக் கணக்கும்

நீர்க்குகைகளிலும் ஆழ்கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களிலும் கலப்பு வாயுக்களைச் சுவாசித்து நெடுநேரம் தங்கித் திரும்புகிற முக்குளிப்பாளர்களின் மணிக்கட்டில் கட்டப்படும் சிறு கணினி, ஆழத்தையும் நேரத்தையும் சொல்வதோடு நில்லாமல், பிராணவாயுவின் நஞ்சு மைய நரம்பு மண்டலத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் சதவீதமாகக் காட்டுகிறது. திரையில் 63 என்று ஓர் எண் நிற்கிறது; இன்னும் 37 பாக்கி இருக்கிறதே என்று அதை அணிந்தவர் ஆறுதல் கொள்கிறார். இந்த எண்ணை நவீன முக்குளிப்பு சாஸ்திரத்தின் பெரும் சாதனைகளுள் ஒன்றாகப் புகழ்வது இப்போது ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. அப்புகழுக்கு அது பாத்திரமன்று என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிராணவாயுவின் பகுதி அழுத்தம், வளிமண்டல அலகில், உழைக்கும் வேளையில் 1.4-ஐயும், ஓய்ந்திருந்து அழுத்தம் தணிக்கும் வேளையில் 1.6-ஐயும் தாண்டலாகாது என்ற உச்சவரம்பு பல உயிர்களைக் காத்திருக்கிறது. நுரையீரலுக்கென்று வகுத்த அலகுக் கணக்கும் நியாயமானதே: நுரையீரல் மெல்ல மெல்லக் கெடுவது; அதன் கொள்ளளவு குறைவதை அளந்தறிய முடியும்; ஒரு வளிமண்டல அழுத்தத்தில் சுத்தப் பிராணவாயுவை ஒரு நிமிஷம் சுவாசித்தால் ஓர் அலகு என்று வைத்து, பல நாள் முக்குளிப்புக்கு ஆராய்ச்சியாளர் ஹாமில்டன் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. இவற்றோடு எனக்குச் சச்சரவில்லை.

சச்சரவெல்லாம் மூளையின் கணக்கோடுதான். அமெரிக்கத் தேசியக் கடல் வளிமண்டல நிர்வாகத்தின் கையேடு 1991-இல் தந்த அட்டவணை, 1.6-க்கு 45 நிமிஷம், 1.5-க்கு 120, 1.4-க்கு 150, 1.3-க்கு 180 என்று ஒரு முறைக்குரிய எல்லைகளை விதித்தது. அவை அனுபவமும் நிபுணரின் அனுமானமும் கலந்து பிறந்த எச்சரிக்கைகள். அந்த எச்சரிக்கையைப் பின்னால் வந்தவர்கள் ஒரு பாத்திரமாக்கி, ஒவ்வோர் அழுத்தத்திலும் கழித்த நேரத்தை அதன் எல்லையால் வகுத்து, கிடைத்த பின்னங்களையெல்லாம் கூட்டி, நூறு ஆனதும் பாத்திரம் நிரம்பியது என்று கொண்டார்கள். மேலே வந்து இளைப்பாறினால் 90 நிமிஷத்துக்கு ஒருமுறை அது பாதியாக வடியும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். மனித மூளையில் இத்தகைய வடிதலை அளந்து கண்டவர் யார்?

இந்தக் கூட்டலைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சுத்தப் பிராணவாயுவைச் சுவாசித்தபடி 6 மீட்டர் ஆழத்தில் ஒருவர் அரை மணி நேரம் கயிற்றைப் பிடித்து நிற்கிறார். பகுதி அழுத்தம் 1.6, கணக்கில் ஏறுவது 67 சதவீதம். அதே மனிதர், அதே அரை மணி, ஒரு மீட்டர் மேலே நின்றிருந்தால் அழுத்தம் 1.5, ஏறுவது 25 சதவீதம். கடல் சற்றே புரண்டால் கயிற்றிலிருக்கும் எவரும் ஒரு மீட்டர் ஏறி இறங்குவது சகஜம். அந்த ஒரு மீட்டரில் மூளையின் ஆபத்து இரண்டரை மடங்கு மாறுகிறது என்று எந்த உடலியலாளரும் சொல்லமாட்டார். அட்டவணையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வரிகளுக்கிடையே உள்ள பள்ளத்தை இயற்கையின் பள்ளமாகக் கருவி நினைத்துக்கொள்கிறது.

இதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்றுண்டு. அதற்கு ஆதாரம் தந்தவர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆராய்ந்த டாக்டர் கென்னத் டொனால்ட்; தம் முடிவுகளை 1947-இல் வெளியிட்டார். ஒரே முக்குளிப்பாளரை ஏறத்தாழ மூன்று மாத காலத்தில் 20 முறை, 70 அடி ஆழ நீரில், சுத்தப் பிராணவாயுவைச் சுவாசிக்கவைத்து, நஞ்சின் முதற்குறி தோன்றும் நேரத்தைக் குறித்தார். ஒரு நாள் 7 நிமிஷத்தில் குறி தோன்றியது. இன்னொரு நாள் அதே மனிதர் 148 நிமிஷம் தாக்குப்பிடித்தார். வெவ்வேறு மனிதரிடையே வேற்றுமை இருப்பதில் வியப்பில்லை; ஒரே தேகம் தன்னோடு தானே இருபது மடங்கு முரண்படுமானால், அந்தத் தேகத்துக்கு 63 சதவீதம் என்று அளவிடுவதை விஞ்ஞானம் என்று எப்படி ஒப்புவது?

டொனால்ட் இன்னொன்றையும் கண்டார்: உலர்ந்த அறையைவிட நீருக்குள்ளும், ஓய்வைவிட உழைப்பிலும் நஞ்சு விரைந்து தாக்குகிறது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்துகிறவரின் இரத்தத்தில் கரியமிலவாயு தங்கும். ஆழத்தில் அடர்ந்துபோன வாயுவை இழுத்து விடும் சிரமத்தாலோ, வெளிவிட்ட மூச்சைச் சுத்திகரித்து மறுபடி சுவாசிக்கத் தரும் ரீபிரீதர் கருவியில் கரியமிலவாயுவை உறிஞ்சும் சுண்ணாம்புக் கலம் ஓய்ந்துபோவதாலோ அது இன்னும் மிகும். மிகுந்தால் மூளையின் நாளங்கள் விரிந்து பிராணவாயுவை அதிகமாக வரவேற்கும். மணிக்கட்டுக் கருவிக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. பாறையில் சாய்ந்து இளைப்பாறுகிறவருக்கும் மூச்சிரைக்க உழைக்கிறவருக்கும் அது ஒரே சதவீதத்தை எழுதுகிறது.

கணக்கைக் கடைப்பிடித்தவர்களுக்கு வலிப்பு வருவது அபூர்வம்தானே என்று அதன் பக்தர்கள் வாதிக்கிறார்கள். ஆனால் பிளாரிடாவின் நீர்க்குகைகளில் மணிக்கணக்காகத் தங்கி, நூறைப் பன்மடங்கு தாண்டியும் வலிப்பின்றித் திரும்பியவர்கள் பலர் இருக்கிறார்கள். முன்னது கணக்குக்குச் சாதகமான சாட்சியமானால், பின்னது அதற்குப் பாதகமான சாட்சியமாக வேண்டும். இரண்டையும் ஒருசேரச் சாதகமாக்கிக்கொள்வது தர்க்கமாகாது. மேலும், நூறைத் தாண்டித் தப்பியவர் தமக்கு ஏதோ விசேஷ சக்தி உண்டென்று நம்பத் தொடங்குகிறார். 148 நிமிஷம் தாங்கிய அந்த மனிதரும் அன்று மாலை அப்படித்தான் நம்பியிருக்கக்கூடும்.

உலர்ந்த அறையில் வரும் வலிப்பு, முகமூடியைக் கழற்றினால் பெரும்பாலும் தணிந்துவிடும். நீருக்குள் வருவது வாய்க்குழலை நழுவவிட்டு மனிதரை மூழ்கடிக்கும். முன்னறிவிப்பாக உதட்டுத் துடிப்புக்கூட இல்லாமல் வருவதும் உண்டு. விளைவு இப்படிப்பட்டதாயிருக்க, பாக்கி 37 என்று தைரியம் கூறும் கருவியை உதவியென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கருவி செய்வோர் அந்தச் சதவீதத்தை அகற்றிவிட்டு, இந்த நிமிஷத்தின் பகுதி அழுத்தத்தையும் அதில் கழிந்த நேரத்தையும் பெரிய எழுத்தில் காட்டட்டும். பயிற்சி தரும் ஆசிரியர்கள் 45, 120, 150 என்று மனப்பாடம் செய்விப்பதற்கு முன்னால், டொனால்டின் 7-ஐயும் 148-ஐயும் கரும்பலகையில் எழுதட்டும். ரீபிரீதருடன் இறங்குகிறவர்கள் வாய்க்குழலைப் பற்றி நிறுத்தும் பட்டையைக் கட்டிக்கொள்ளட்டும். உழைப்பு மிகுந்த நேரத்தில் அழுத்தத்தை 1.3-க்கோ அதற்கும் கீழோ வைத்துக்கொள்ளட்டும்.