உக்கிரத்திற்கு ஒரு சீர்: திருச்சிராப்பள்ளி வட்டார அம்மன் மரபுகளும் ‘நிழல்’ கருத்தும்

ஆய்வுச் சுருக்கம்

உக்கிரத் தெய்வங்களை மனிதரின் உள்ளிருளாகக் காணும் உளவியல் விளக்கத்தைத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டாரத்தின் மூன்று அம்மன் மரபுகளைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. இம்மரபுகள் உக்கிரத்தைத் தனிமனிதருக்குள் கரைப்பதில்லை. அதற்கு ஓர் இடத்தையும் உறவையும் கடமையையும் வகுக்கின்றன என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: நிழல், உக்கிரம், சமயபுரம், சீர், குட்டிக்குடி.

முன்னுரை

மனிதர் தம்மிடம் இருப்பதாக ஏற்க மறுக்கும் சினம், வேட்கை, அச்சம் முதலியவற்றை ‘நிழல்’ என்றார் கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961). 1951இல் வெளிவந்த ‘அயோன்’ நூலில் இதற்குத் தனி இயல் உண்டு. மேலைநாடுகளில் வளர்ந்துள்ள புதிய பேகன் வழிபாட்டு இயக்கங்களில் நிழலைத் தழுவுதல் ஓர் ஆன்மிகப் பயிற்சியாகவே பேசப்படுகிறது. காளி போன்ற தெய்வங்கள் அங்கே வழிபடுபவரின் அகத்தைக் காட்டும் கண்ணாடிகள் ஆகின்றன. கவர்ச்சி மிக்க இவ்விளக்கம் நம் அம்மன்களுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

வெளியேற்றமும் உறவும்

சமயபுரம் மாரியம்மன் முன்பு திருவரங்கத்தில் இருந்தாள் என்றும், அவளது உக்கிரம் தாங்காமல் சீயர் ஒருவர் அவளை அங்கிருந்து அகற்றச் செய்தார் என்றும், சுமந்து சென்றவர்கள் கண்ணனூரில் அவளை வைத்தனர் என்றும் வழக்காறு கூறுகிறது. இது வரலாற்றுச் செய்தி எனக் கொள்ளத்தக்கதன்று; எனினும், ஓர் ஊர் தன் உக்கிரத்தைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட கதை என்ற அளவில் சான்றாகும். ஏற்க இயலாதது வெளியே தள்ளப்படுகிறது என்ற அளவில் யுங்கின் கருத்து இதனோடு நன்கு பொருந்துகிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தைப்பூச விழாவில் சமயபுரத்தாள் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருள, அரங்கநாதர் கோயிலிலிருந்து அவளுக்குச் சீர் வருகிறது. அவள் அரங்கனின் தங்கை. அகற்றப்பட்டவள் திரும்ப அழைக்கப்படுவதில்லை, மறக்கப்படுவதும் இல்லை. பிறந்த வீட்டை விட்டுச் சென்ற பெண்ணுக்குரிய உரிமை அவளுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படுகிறது. இடையே ஓடும் ஆறு பிரிவையும் உறவையும் ஒருங்கே காக்கிறது. உளவியல் விளக்கத்தில் தழுவுதல் என்பது இடைவெளியை அழிப்பது. இங்கோ இடைவெளியோடு உறவைப் பேணுவது.

மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள்கள் சமயபுரத்தாள் பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி இருக்கிறாள். அந்நாள்களில் சமைத்த நைவேத்தியம் இல்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் முதலியனவே படைக்கப்படுகின்றன. அஞ்சி அகற்றப்பட்ட தெய்வமே பிறர்க்காக நோன்பு நோற்கிறது. ஆகவே உக்கிரத்தை ‘இருள்’ என்று மட்டும் மொழிபெயர்ப்பது பிழையாகும்.

அணிவித்தலும் ஊட்டுதலும்

திருவரங்கம் அமைந்த அதே தீவில் உள்ள திருவானைக்காவில் வேறொரு வழி காணப்படுகிறது. அகிலாண்டேசுவரியின் உக்கிரத்தை ஆதிசங்கரர் தாடங்கங்கள் அணிவித்துத் தணித்தார் என்பது அத்தல மரபு. அன்னையின் சினம் அடங்க அவள் எதிரே பிள்ளை விநாயகரை அமர்த்தியதாகவும் கூறுவர். இங்கு உக்கிரம் அகற்றப்படவில்லை. அணிகலனாலும் தாய்மையாலும் தணிக்கப்பட்டது.

காவிரியின் தென்கரை நகரில், புத்தூர்க் குழுமாயி அம்மன் கோயிலில் மூன்றாவது வழியைக் காணலாம். மாசியில் நிகழும் குட்டிக்குடி விழாவில் மருளாளி ஆட்டுக்குட்டிகளின் குருதியைக் குடிக்கிறார். உக்கிரம் இங்கே தணிக்கப்படாமல் ஊட்டப்படுகிறது. அதுவும் மறைவில் அன்று, ஊரார் கண்முன்னே.

கருத்தின் எல்லை

இவற்றைச் சமூகத்தின் கூட்டு நிழல் எனலாமே என்ற மறுப்பு எழலாம். அவ்வாறு கொண்டாலும், ஊரின் உக்கிரத்தை யார் உடல் தாங்குகிறது என்ற வினா எஞ்சுகிறது. புத்தூரில் ஆயிரக்கணக்கானோர் காண, ஒரு மனிதர் அதைத் தாங்குகிறார். நிழல் எல்லார்க்கும் பொது என்னும்போது இந்தச் சுமைப் பங்கீடு பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது.

அரசும் இவ்வினாவிலிருந்து விலகி நின்றதில்லை. 1950ஆம் ஆண்டு விலங்கு, பறவை பலித் தடைச் சட்டத்தைக் கண்டிப்பாகச் செயற்படுத்த 2003இல் தமிழக அரசு ஆணையிட்டது. 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. உயிர்க்கொலை குறித்த அறக்கேள்வி மெய்யானது. அதனை எளிதில் ஒதுக்க இயலாது. ஆயினும் அணிவித்துத் தணிப்பதை ஆன்மிகம் என்றும் ஊட்டுவதை அநாகரிகம் என்றும் தரம் பிரிப்பது, இவ்வழிகளுக்கிடையே முன்பே உள்ள சமூகப் படிநிலையைத் திரும்பச் சொல்வதேயாகும்.

முடிவுரை

யுங்கின் கருத்து, விலக்கப்பட்டது தீயது ஆகிவிடாது என்பதை உணர்த்துகிறது, அப்பயன் கொள்ளத்தக்கது. ஆனால் அம்மனை மனத்தின் உருவகமாகச் சுருக்கும்போது ஆறும் ஊரும் தங்கை உறவும் மருளாளியின் உடலும் விடுபட்டுப்போகின்றன. இவ்வட்டார மரபுகள் முன்வைக்கும் முதல் வினா ‘என்னுள் இருப்பது யாது’ என்பதன்று. ‘நாம் அகற்றியவளுக்கு நாம் செலுத்த வேண்டியது யாது’ என்பதே. தமிழ் ஆய்வு அவ்வினாவிலிருந்து தொடங்குவது தகும்.